துப்பாக்கிக்குப் புதுக் கட்டை

சென்ற வாரம் இப்பகுதியில் அம்மி கொத்துவதைப் பற்றி எழுதியதற்கு இரண்டு விதமான கடிதங்கள் வந்தன. மிக்ஸி வைத்திருப்பவர்கள், "உமக்கு வேறு விஷயமே அகப்படவில்லையா?" என்று கேட்டிருந்தார்கள். அம்மி வைத்திருப்பவர்கள், கொத்துகிறவரின் விலாசம் கேட்டிருந்தார்கள். இந்த வாரம் சொல்லப்போகிற சமாசாரம் இரு கட்சியாருக்கும் நேரே பயன்படாது. துப்பாக்கி உள்ள வீடு நம் நேயர்களில் எத்தனை பேருடையதாக இருக்கப் போகிறது? ஆயினும் தச்சு வேலையில் ருசி உள்ளவர்களும், தகப்பனார் விட்டுப்போன சாமான் ஒன்றை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக் கொண்டிருப்பவர்களும் மேலே படிக்கலாம்.

கிழக்குத் தாம்பரத்தில் எனக்கு அடுத்த வீட்டில் ஒரு பெரியவர் வசிக்கிறார். ரயில்வேயில் கணக்கு இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர்; பிராயம் எழுபத்தொன்று. மொட்டை மாடியில் தினம் இரண்டு வேளை கிளிகளுக்கு அரிசி வைக்கிற சாது. போன வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாலை அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனேன். பூட்டிய பீரோவைத் திறந்து ஒரு ரைபிளை எடுத்து, குழந்தையைக் கிடத்துவதுபோல் ஊஞ்சல் பலகையின்மேல் கிடத்தினார். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு எழவில்லை.

"அப்பாவுடையது, வாத்தியார் ஸார். உள்ளே ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள். இங்கே பாருங்கள்" என்று கட்டையின் கழுத்தைக் காட்டினார். கை பிடிக்கிற அந்த மெல்லிய இடத்தில், இரும்பு முடிந்து மரம் தொடங்கும் மூலையிலிருந்து மூன்று அங்குல நீளத்துக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது. மரம் அந்த இடத்தில் மட்டும் கறுத்து, பழைய செக்கின் அடிபோல் இருந்தது.

துப்பாக்கியின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியவரின் தகப்பனாருக்குப் படப்பைக்கு அப்பால் சில ஏக்கர் நிலம் இருந்தது. இன்றைக்கு ஒரகடம் என்றால் மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. அன்று அந்தப் பக்கமெல்லாம் ஏரிப் பாசன நெல்லும் மானாவாரி நிலக்கடலையும். கடலை முற்றுகிற சமயத்தில் காட்டுப் பன்றி இறங்கும். 1956-ஆம் வருஷம், தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறப்போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து இதை அவர் வாங்கினாராம். ஜெர்மனியில் மௌஸர் என்பவர் வகுத்து, 1898-இல் முடிவான உருவம் பெற்ற இயந்திர அமைப்பு. கதவுத் தாழ்ப்பாளைப்போல் ஒரு கைப்பிடியைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளிக் கீழே மடக்கினால் தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். இங்கிலாந்திலிருந்த பெயர்பெற்ற துப்பாக்கிக் கம்பெனிகள்கூட இந்த ஜெர்மானிய அமைப்பின்மேல்தான் தங்கள் வேட்டை ரைபிள்களைக் கட்டின. 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்கு மாகாண லெப்டினென்ட் கவர்னர் ஹ்யூவெட் பரிசளித்த .275 ரிக்பி ரைபிளும் இதே ஜாதிதான்.

பன்றி வேட்டையெல்லாம் பழங்கதையாகிவிட்டது. 1972-ஆம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கடிவாளம் போட்டது; 1991-இல் வந்த திருத்தம் வேட்டைக்காரருக்குச் சீட்டுக் கொடுக்கும் வழக்கத்தையே எடுத்துவிட்டது. தகப்பனார் காலமான பிறகு லைசென்ஸ் வாரிசு என்ற முறையில் பிள்ளைக்கு வந்தது. அன்று முதல் அது பீரோவில் இருக்கிறது. தேர்தல் வந்தால் போலீஸ் நிலையத்துக்குப் போய் ரசீது வாங்கிக்கொண்டு வருகிறது, முடிந்தால் திரும்புகிறது. பெரியவர் ஒரு தடவையாவது அதைச் சுட்டதில்லை என்றே நான் நினைத்தேன். அந்த எண்ணம் தவறு என்று பிறகு தெரிந்தது.

"வீட்டுக்கு வருகிற ஆசாரியிடம் கொடுத்து ஒரு பட்டை போடச் சொன்னால் என்ன?" என்று நான் கேட்டேன். கணக்கு வாத்தியாருக்குச் சட்டம் தெரியாது என்பதற்கு இதுவே அத்தாட்சி. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி துப்பாக்கியைச் செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் தனி லைசென்ஸ் வேண்டும். அதற்கு முந்தின 1878-ஆம் வருஷத்துச் சட்டத்தில், இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் கேட்டு நிற்க வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு என்று இருந்தது. இன்றைய சட்டம் அந்தப் பாகுபாட்டை ஒழித்து எல்லாரையும் ஒன்றாக நிற்க வைத்திருக்கிறது. ஆகவே, காகிதங்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு நகரத்தில் லைசென்ஸ் உள்ள ஒரு பழுதுபார்க்கும் மேஸ்திரியிடம் போனோம். அவருக்கும் எழுபது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, முதலில் தாழ்ப்பாளைத் திறந்து உள்ளே விரலை விட்டுத் தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டார். நாங்கள் அப்போதுதான் சொல்லியிருந்தோம், ஆயினும் பார்த்தார். பிறகு கட்டையின் கறுத்த இடத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். நகம் பதிந்தது.

"ஐயா, இதற்கு வருஷா வருஷம் எண்ணெய் விட்டீர்களா?"

"விட்டேன். அப்பா விடுவார், நானும் ஆயுத பூஜை தவறாமல் விட்டுக்கொண்டு வருகிறேன். தையல் மிஷின் எண்ணெய்தான், நல்ல எண்ணெய்."

"விட்டபின் எப்படி நிறுத்தி வைப்பீர்கள்?"

"குழல் மேலே பார்க்க, பீரோ மூலையில்."

மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினார். இரும்பிலே விட்ட எண்ணெய் வருஷம் முழுவதும் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, இரும்பின் வால் போய் முடியும் இடத்தில் மரத்துக்குள் புகுந்து, அறுபது வருஷத்தில் அதை ஊறுகாய் போட்டுவிட்டது. ஊறிய மரம் இளகும்; இளகினால் இரும்பைப் பிடித்திருக்கும் திருகாணி தளரும்; தளர்ந்த இரும்பு பின்னுதைப்பிலோ, கீழே வைக்கிற தட்டலிலோ ஆப்புப்போல் மரத்தைப் பிளக்கும். பெரியவர் முகம் வாடிவிட்டது. பூஜை செய்தே கெடுத்துவிட்டோம் என்பதை யாரால் லேசில் ஒப்புக்கொள்ள முடியும்?

சீமைச் சுண்ணாம்புத் தூளைக் குழைத்துப் பூசி எண்ணெயை உறிஞ்சி எடுக்க மேஸ்திரி இரண்டு வாரம் முயன்று பார்த்தார். பூச்சு ஒவ்வொரு தடவையும் மஞ்சளாகி வந்தது. கழுத்து மாத்திரம் உறுதிப்படவில்லை. புதுக் கட்டைதான் என்று முடிவாயிற்று.

எந்த மரம்? உலகம் முழுவதும் துப்பாக்கிக் கட்டைக்கு அக்ரோட்டு மரத்துக்குத்தான் முதல் மரியாதை. நாம் கொட்டையை உடைத்துத் தின்கிறோமே, அந்த மரம். கனமும் அதிகமில்லை, பலமும் குறைவில்லை. உளிக்குச் சிதறாமல் வெட்டுப்படும். பதமாக உலர்ந்துவிட்டால் பிறகு அதிகம் வீங்காது, சுருங்காது. காஷ்மீரத்தில் ஸ்ரீநகரில் பந்தூக் கார் மொஹல்லா என்று துப்பாக்கிக் கொல்லர் பெயராலேயே ஒரு தெரு இருப்பதற்கு அந்த மரமும் ஒரு காரணம். தேக்கு நமக்குப் பெருமையே தவிர, எளிதில் வெடிக்கும். அதிலுள்ள மணற்சத்து உளியையும் மழுக்கும். மேஸ்திரியிடம் காஷ்மீரத்துக் கட்டை ஒன்று இருந்தது. விலையைச் சொன்னார். பெரியவர் சற்று நேரம் யோசித்து, "பூவரசு ஆகுமா?" என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். பூவரசு என்றால் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவதும், கொழுக்கட்டை தட்டுவதும்தான் எனக்குத் தெரியும். மேஸ்திரி சிரிக்கவில்லை. "பேஷாய் ஆகும். எங்கள் பாட்டனார் நாட்டுத் துப்பாக்கிக்கெல்லாம் பூவரசுதான் போடுவார்" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். பழைய மர நூல்களில் தென்னாட்டுப் பூவரசின் உபயோகங்களைச் சொல்லும் இடத்தில் வண்டிச் சக்கரத்தோடும் படகோடும் துப்பாக்கிக் கட்டையையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். சிரித்ததற்குப் பிராயச்சித்தமாக இங்கே அதை அச்சில் ஒப்புக்கொள்கிறேன்.

பெரியவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. படப்பை நிலத்துக் களத்து மேட்டில் ஒரு கிழப் பூவரசு நின்றது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் அது வேரோடு சாய்ந்தது. மரத்தை அறுத்துப் பலகையாக்கிக் கொட்டகையில் காற்றாட அடுக்கியிருந்தார்கள். அங்குலத்துக்கு ஒரு வருஷம் உலர வேண்டும் என்பது தச்சர் கணக்கு. இரண்டரை அங்குலப் பலகை எட்டு வருஷம் உலர்ந்திருந்தது. மேஸ்திரி நேரில் வந்து ஒவ்வொரு பலகையையும் கணுவால் தட்டிப் பார்த்தார். ஐந்து பலகையைத் தள்ளி ஆறாவதை எடுத்துக்கொண்டார். கழுத்து வரும் இடத்தில் மர ரேகை நேராக ஓடவேண்டும் என்பதுதான் அவருடைய கவலையெல்லாம். மற்ற இடத்தில் ரேகை சுழித்துக்கொண்டு அழகாக இருக்கலாம். கழுத்தில் குறுக்கே ஓடினால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் முறியும்.

தை மாதத்தில் வேலை தொடங்கியது. சனிக்கிழமைதோறும் நானும் பெரியவரும் மின்சார ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். நான் போனது வேடிக்கை பார்க்க என்று என் வீட்டில் சொன்னார்கள். உண்மைதான்.

கட்டைக்கு வெளி உருவம் செதுக்குவது பெரிய வித்தை அல்ல என்பது மேஸ்திரியின் அபிப்பிராயம். இரும்பை உள்ளே உட்கார வைப்பதுதான் வித்தை. அதற்கு அவர் செய்ததை நம் வீட்டுப் பெண்கள் உடனே புரிந்துகொள்வார்கள். விளக்குக்கு மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மைக்குக் கரி பிடிப்போமே, அதே கரி. அதைத் துளி எண்ணெயில் குழைத்து இரும்பின் அடிப்பக்கத்தில் மெல்லிதாகத் தடவுகிறார். மரத்தில் குடைந்த பள்ளத்தில் இரும்பை இறக்கி, மரச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டி, வெளியே எடுக்கிறார். பள்ளத்தில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கே மரம் இடிக்கிறது. அந்த இடத்தை மட்டும் சுரண்டியால் ஒரு இழை எடுக்கிறார். மறுபடி கரி, மறுபடி இறக்கம், மறுபடி சுரண்டல். ஒரு சனிக்கிழமை நான் எண்ணினேன். காப்பிக்கு எழுந்திருப்பதற்குள் முப்பத்தேழு தடவை. இரும்பு இறங்கியதோ ஒரு நூல்கூட இல்லை. கடைசியில் ஒன்றிரண்டு இடமாக இல்லாமல் பள்ளத்தின் அடி முழுவதும் ஒரே சீராகக் கறுப்பு ஒட்ட வேண்டும்.

இதிலே விசித்திரம், சில இடத்தில் நெருக்கமும் சில இடத்தில் இடைவெளியும் வேண்டும் என்பது. குழலின் பின்புறம் அடியில் ஒரு தடித்த முளை இருக்கிறது. வெடிக்கும்போது உண்டாகும் உதைப்பை மரத்துக்குக் கொடுப்பது அதுதான். அதன் பின்முகம் மரத்தோடு முழுதும் பொருந்தி நிற்க வேண்டும். ஆனால் இரும்பின் வால் முடியும் இடத்தில் தபால் கார்டு நுழையும் அளவு வெளி விடவேண்டும். வெளி விடாவிட்டால் முளை தாங்க வேண்டிய உதையை வால் தாங்கி, பழைய கட்டைக்கு நேர்ந்த கதியே புதியதற்கும் நேரும். முளைக்குப் பின்னால் மேஸ்திரி செலவழித்த நாள் ஆறு. வாலுக்கு வெளி விட அரை நிமிஷம்.

குழல் விஷயம் இன்னும் வேடிக்கை. கட்டையின் முன்பாகத்தில் குழல் படுத்திருப்பதுபோல் தோன்றுகிறதே, அது வெறும் தோற்றம். நல்ல வேலையில் குழல் மரத்தைத் தொடுவதே இல்லை. தொட்டால் என்ன? பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வடிவொத்த முக்கோணம் நடத்துகிறவன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்ல முடியும். குழல் 24 அங்குலம். இலக்கு 100 கஜம், அதாவது 3,600 அங்குலம். 24-க்கு 3,600 நூற்றைம்பது மடங்கு. மழைக் காலத்தில் மரம் ஈரத்தைக் குடித்து வீங்கி, குழலின் நுனியை ஓர் அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு ஒதுக்கினால், குண்டு ஒன்றரை அங்குலம் தள்ளிப் போய் விழும். குழல் வளைகிற கணக்கையும் சேர்த்தால் இன்னும் சற்று ஜாஸ்தி. ஐப்பசியில் ஓர் இடத்திலும் பங்குனியில் ஓர் இடத்திலும் சுடுகிற துப்பாக்கியை வைத்துக்கொண்டு, கண்ணைக் குறை சொன்ன வேட்டைக்காரர் எத்தனை பேரோ! மரம் நீளவாக்கில் வீங்குவது அற்பம். குறுக்குவாக்கில்தான் எல்லாச் சேஷ்டையும். நம் சென்னைக் காற்றின் ஈரத்தைப் பற்றி அப்பளம் இடுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பின் பாகத்தின் நீளம் குறிக்கும் நாள் வந்தது. விசையிலிருந்து தோளில் பதியும் முனை வரையில் உள்ள தூரம் அது. பழைய கட்டையில் 14½ அங்குலம் இருந்தது.

"யார் தோளுக்கு அளவெடுக்க?" என்று மேஸ்திரி கேட்டார்.

"அப்பாவின் அளவே இருக்கட்டும்."

"லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறது, ஐயா?"

"என் பேரில்தான். ஆனால் நான் எங்கே..."

மேஸ்திரி பதில் சொல்லாமல் பெரியவரின் கையைப் பிடித்து முழங்கையை மடக்கச் செய்தார். பழைய கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்து, விரலை விசைக்கு நீட்டச் சொன்னார். விரல் எட்டவில்லை. ஓர் அங்குலத்துக்கு மேல் குறைந்தது. பெரியவர் அந்த இடைவெளியையே பார்த்துக் கொண்டிருந்தார்.

திரும்புகால் ரயிலில் மீனம்பாக்கம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார். 1966-ஆம் வருஷம், அவருக்குப் பன்னிரண்டு வயது. களத்து மேட்டில் ஒரு தகர டப்பாவை வைத்து அப்பா அவரைச் சுடச் சொன்னாராம். கட்டை தோளுக்கு அடங்கவில்லை, கக்கத்தில் இடித்தது. எப்படியோ ஏந்திச் சுட்டார். உதைப்பு காறை எலும்பின் மேல் விழுந்தது. டப்பா அப்படியே நின்றது, பையன் உட்கார்ந்துவிட்டான். தகப்பனார் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, "உனக்கு இதெல்லாம் வராது. நீ படி" என்றாராம். கோபமாய்க்கூடச் சொல்லவில்லையாம். அந்தப் பையன் படித்தான். கணக்கில் முதலாவதாக வந்தான். முப்பத்தைந்து வருஷம் ரயில்வேக்குக் கணக்கு எழுதினான். ஆயுத பூஜைக்கு எண்ணெய் விடுவது ஒன்றுதான் துப்பாக்கி விஷயத்தில் அவனுக்கு வந்த காரியம்.

"ஒன்றே கால் அங்குலம், வாத்தியார் ஸார். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இன்னும் இரண்டு அங்குலம்கூடக் குறைத்திருக்கலாம் இல்லையா?" என்றார். கிரோம்பேட்டையில் கூட்டம் ஏறியது. அதோடு பேச்சு நின்றது.

அடுத்த சனிக்கிழமை 13¼ என்று குறித்துக்கொள்ளச் சொன்னார்.

மெருகு விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எண்ணெயால் கெட்ட கட்டை என்று சொல்லிவிட்டு, புதுக் கட்டைக்கும் மேஸ்திரி எண்ணெயே தேய்த்தார். கேட்டபோது விளக்கினார். இது ஆளிவிதை எண்ணெய். பெயிண்ட் கடையில் காய்ச்சியதாகக் கிடைக்கும். காற்றிலுள்ள பிராணவாயுவை இழுத்துக்கொண்டு தானே இறுகித் தோல் போல் ஆகிவிடும். மிஷின் எண்ணெயோ எத்தனை வருஷம் ஆனாலும் இறுகாது. ஈரமாகவே கிடந்து மரத்தைக் கெடுக்கும். உள்ளங்கைச் சூட்டில் மெல்லிய பூச்சாகத் தேய்த்து, நாள் கணக்கில் காயவிட்டு, மறுபடி தேய்த்தார். கண்ணுக்குத் தெரியாத உட்பள்ளத்துக்கும், தோளில் பதியும் தகட்டுக்கு அடியிலுள்ள வெட்டு வாய்க்கும் மற்ற இடத்தைவிட ஜாஸ்தியாகவே விட்டார். ஈரம் புகுகிற வாசல் அவைதானாம். தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாமல் கம்பியில் விரித்துக் காயவைத்தார். சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பற்றும். வீட்டில் கதவு ஜன்னலுக்கு இந்த எண்ணெய் பூசுகிற நேயர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பங்குனியில் ரைபிள் வீடு வந்தது. பூவரசின் நெஞ்சுக்கட்டை நல்ல செம்பழுப்பு. காய்ந்த எண்ணெயில் அது நாவற்பழச் சாயலாக மாறியிருந்தது. பெரியவர் ஊஞ்சலிலிருந்து எழுந்து, திறந்து பார்த்துக் காலி என்று உறுதி செய்துகொண்டு, தோளில் ஏந்தினார். கன்னம் தானாகக் கட்டையில் படிந்தது. கண் தானாகக் குறிக்கு நேரே வந்தது. இரண்டு நிமிஷம் அப்படியே நின்றார். அவருடைய சம்சாரம் சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போதும், கிளி பயப்படப் போகிறது" என்றாள். பீரோவில் வைத்தார். இப்போது குழல் கீழ் நோக்கியிருக்கிறது.

இந்த வருஷம் ஆயுத பூஜையன்று எண்ணெய்ச் சீசாவைத் தேடினார், அகப்படவில்லை. அந்த அம்மாள் காலையிலேயே அதைத் தையல் மிஷின் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். "சந்தனமும் குங்குமமும் இரும்பில் ஒரு பொட்டு. மரத்தில் கை வைக்காதீர்கள்" என்று உத்தரவு. பழைய கட்டைக்கும் ஒரு பொட்டு வைத்தார்கள். தகப்பனாரின் கன்னம் பட்டுப் பட்டு வழவழப்பான இடம் அதில் நன்றாகத் தெரிகிறது.

மழை ஓய்ந்த ஒரு கார்த்திகைக் காலையில் பரீட்சை நடந்தது. மேஸ்திரி சொல்லிக் கொடுத்திருந்தபடி, ஒரு பத்து ரூபாய் நோட்டை இரண்டாக மடித்துக் குழலுக்கும் மரத்துக்கும் நடுவே விட்டு முனையிலிருந்து பின்னுக்கு இழுத்தோம். தடையின்றி வந்தது, பாதி வழி வந்தது, முக்கால் பங்கு வந்து, வலது பக்கத்தில் ஓரிடத்தில் சிக்கி நின்றது. பெரியவர் பென்சிலால் அந்த இடத்தைக் குறித்தார். "மழை மரத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது" என்று சந்தோஷமாகவே சொன்னார். லைசென்ஸ் காகிதங்களைத் தேடி எடுத்தோம். சனிக்கிழமை மேஸ்திரி அந்தக் குறியில் சுரண்டியை வைத்து எடுத்த தூள் மூக்குப்பொடி ஒரு சிட்டிகை அளவு இருக்கும். மேலே ஒரு விரல் ஆளிவிதை எண்ணெய் தடவினார். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, "அந்தப் பத்து ரூபாய் நோட்டையே கொடுங்கள்" என்றார்.